வெயிலை மறித்த கண்ணாடி

மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாற்கரச் சாலையில், திருமங்கலத்துக்குச் சற்று முன்னால் கப்பலூர் சுங்கச்சாவடி இருக்கிறது. தமிழ்நாட்டில் அதிகம் சண்டை பார்த்த சாவடிகளில் அது ஒன்று. ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் டோல்கேட் எப்படி வரலாம், மதுரைக்குப் போய்வர நாங்கள் எதற்குக் காசு கட்ட வேண்டும் என்று திருமங்கலத்துக்காரர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறியல், கடையடைப்பு எல்லாம் நடந்திருக்கிறது. அது தனிக்கதை. இந்தக் கட்டுரை அதே சாவடியில் யாரும் கோஷம் போடாத வேறொரு சங்கதியைப் பற்றியது.

2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டப்படும் அந்தச் சின்ன ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. சாவடியின் மேலே இருக்கும் ஆன்டெனா 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அலை அனுப்புகிறது. ஸ்டிக்கர் தனக்குத் தேவையான மின்சாரத்தை அந்த அலையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தன் எண்ணை அதே அலையின் எதிரொலியில் ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. அதாவது உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை, அலை கண்ணாடியைத் தாண்டியாக வேண்டும்.

வெறும் கண்ணாடி என்றால் பிரச்சினை இல்லை. நம் ஊர்க் கார்களில் பரவலாக இருக்கும் பச்சைச் சாயல் கண்ணாடியும் பிரச்சினை இல்லை. அதில் கலந்திருக்கும் இரும்பு வெயிலை உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். ஆனால் சில வண்டிகளின் முன்கண்ணாடிக்குள் வெயிலைத் திருப்பியடிப்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு உண்டு. அதற்குப் பின்னால் ஸ்டிக்கரை ஒட்டினால், ஆன்டெனாவைப் பொறுத்தவரை அந்தக் கார் ஒரு தகரப் பெட்டி. இது நமக்கு முன்பே ஐரோப்பாவில் தெரிந்த தொல்லை. பிரான்ஸ் நெடுஞ்சாலைகளில் மின்னணுச் சுங்க அட்டை வந்தபோது அங்கும் இதே கதைதான். தீர்வும் அங்கிருந்தே வந்தது. ரியர்வியூ மிரருக்குப் பின்னால் ஒரு துண்டு இடத்தில் மட்டும் பூச்சு இல்லாமல் விட்டுவிடுவது.

அந்தத் துண்டு இடம்தான் எனக்குச் சுவாரசியமானது. முதலில் கண்ணாடியைப் பாடுபட்டுச் சுவராக்குகிறோம். பிறகு அதே பாட்டோடு அதில் ஓட்டை போடுகிறோம். இடையில் என்ன நடந்தது?

*

உலோகத்தால் மூடிய அறைக்குள் மின்சாரத்தின் பாச்சா பலிக்காது என்பதை மைக்கேல் ஃபாரடே 1836-இல் காட்டினார். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பன்னிரண்டு அடி நீள, அகல, உயரத்தில் ஒரு மரச்சட்டக் கூண்டு கட்டி, அதைச் செம்புக் கம்பியாலும் தகரத் தாளாலும் போர்த்தினார். வெளியே பொறி பறக்கும் அளவுக்கு மின்னேற்றம். உள்ளே கருவிகளுடன் அமர்ந்திருந்த ஃபாரடேவுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ரேடியோ அலை என்ற ஒன்று அப்போது யாருக்கும் தெரியாது. ஐம்பது வருடம் கழித்து ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் அதைச் செய்து காட்டியபோது, பெரிய துத்தநாகத் தகட்டை வைத்து அலையைத் திருப்பியடித்தார். உலோகம் அலையைத் தடுக்கும், கண்ணாடி, மரம், செங்கல் எல்லாம் விட்டுவிடும் என்ற பாகுபாடு அங்கேயே தெளிவாகிவிட்டது.

இதில் அழகான அடுத்த படி கல்கத்தாவில் நடந்தது. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். 5ஜி காலத்தில் உலகம் மறுபடி தேடிப்போன அதே வகை அலைகள். ஒரு திசையில் அதிரும் அலையை மட்டும் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு வடிகட்டி தேவைப்பட்டது. பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, பக்கங்களுக்கு நடுவே தகரத் தாள்களைச் செருகினார். புத்தகத்தை ஒரு மாதிரிப் பிடித்தால் அலை நின்றுவிடும். அதையே கால்வட்டம் திருப்பினால் தாண்டிப் போய்விடும். தகரம் அதே தகரம், இடைவெளியின் திசைதான் மாறியது.

இந்தக் கால அட்டவணையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, உண்மையான ஒரு ரயிலில் இது திரும்பி வரும்.

*

இதுவரை ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் கண்ணாடி. இரண்டும் ஒன்றாக முடியுமா? உலோகம் போல மின்சாரம் கடத்தி, கண்ணாடி போல வெளிச்சத்தை விடும் ஒரு பொருள்?

1907-இல் ஜெர்மனியில் கார்ல் பெடெகர் அதைக் கண்டார். கண்ணாடியில் காட்மியத்தை மெல்லிதாகப் படியவைத்துக் காற்றில் சூடாக்கினார். உலோகப் படலம் ஆக்சைடாக மாறி, மஞ்சள் சாயலுடன் ஒளி ஊடுருவ ஆரம்பித்தது. மின்சாரமும் ஓடியது. உலகப் புகழ்பெற்ற பெடெகர் பயண வழிகாட்டி நூல்களைத் தொடங்கியவரின் பேரன் இவர். 1914-இல் அந்தக் குடும்பப் பதிப்பகம் இந்தியாவுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், முதல் உலகப் போரின் ஆரம்ப நாட்களில், லியேஜ் சண்டையில் கார்ல் இறந்துபோனார். வயது 37. அவர் கண்டுபிடித்த பொருளுக்கு அப்போது ஒரு பயனும் இல்லை.

பயனைக் கொண்டுவந்தது அடுத்த போர். உயரத்தில் பறக்கும் அமெரிக்கப் போர் விமானங்களின் முன்கண்ணாடியில் பனி படிந்து விமானிக்குப் பார்வை மறைந்தது. வெள்ளீய ஆக்சைடு பூசிய கண்ணாடியில் மின்சாரம் செலுத்தினால் கண்ணாடியே சூடாகிப் பனியை உருக்கும். இந்த வகைப் பூச்சுக்கு 1947-இல் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஹரால்ட் மெக்மாஸ்டர். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியோடு மல்லுக்கட்டிய அவர், முதுமையில் சூரிய மின்பலகை செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஃபர்ஸ்ட் சோலார் ஆனது. அந்த நிறுவனத்தின் இந்திய ஆலை 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்டது. அங்கே செய்யும் பலகைகளின் முன்பக்கக் கண்ணாடியில் இருப்பது மின்சாரம் கடத்தும் வெள்ளீய ஆக்சைடு. அதன் கீழே காட்மியம் சேர்ந்த படலம். பெடெகரின் உலோகமும் மெக்மாஸ்டரின் பூச்சும் சேர்ந்து நம் ஊர் வந்துவிட்டன.

ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே தமிழ்நாட்டு ஆய்வகங்களில் இந்தப் பூச்சு பழகிப்போன விஷயம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம், இன்னும் பல கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் என்று ஏராளமான ஆய்வேடுகள் இதன்மேல் வந்திருக்கின்றன. காரணம் எளிது. விலையுயர்ந்த வெற்றிடக் கருவி வேண்டாம். வெள்ளீயக் குளோரைடு கரைசலைத் தயார் செய்து, நானூறு ஐந்நூறு டிகிரியில் காயும் கண்ணாடி மேல் ஸ்பிரே அடிக்க வேண்டும். சூட்டில் கரைசல் சிதைந்து ஆக்சைடு படியும். கொஞ்சம் ஃபுளோரின் சேர்த்தால் கடத்துதிறன் கூடும். காசு குறைந்த ஆய்வகத்தின் தொழில்நுட்பம் இது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை அந்தக் கண்ணாடியில் வைத்துப் பார்த்த நம் ஊர் எம்.எஸ்சி. மாணவர்கள் நிறையப் பேர். கண்ணுக்கு வெறும் கண்ணாடி, மீட்டருக்குக் கம்பி.

*

சரி, கண்ணாடியில் மின்சாரம் ஓடினால் ஓடட்டும், அதுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

வெளிச்சம், வெப்பக்கதிர், ரேடியோ மூன்றும் ஒரே சாதி அலைகள், அதிர்வு வேகம்தான் வேறு. கடத்தும் படலத்தில் கட்டுப்பாடில்லாமல் அலையும் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அலை வந்தால் அதன் தாளத்துக்கு அவை ஆடும். அந்த ஆட்டம் எதிரலையை உண்டாக்கி, வந்ததை வந்த வழியே திருப்பிவிடும். தப்பு அடிக்கும் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஆடுபவர்களுக்குக் கால் ஓடாது இல்லையா, அதுபோல அதிர்வு மிக வேகமானால் எலக்ட்ரான்களால் ஈடுகொடுக்க முடியாது. அலை தாண்டிவிடும். வெள்ளீய ஆக்சைடு போன்ற பொருட்களில் அந்த எல்லை சிவப்பு வெளிச்சத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் விழுகிறது. வெளிச்சம் போகும், அதற்கு வெகு கீழே இருக்கும் வெப்பக்கதிர் போகாது. அதைவிடப் பல மடங்கு மெதுவாக அதிரும் ரேடியோவும் போகாது. வெள்ளியின் எல்லை இன்னும் மேலே இருப்பதால் அதைக் கனமாகப் பூசினால் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். எனவே பத்துப் பதினைந்து நானோமீட்டர் மட்டும் பூசி, இரண்டு பக்கமும் ஆக்சைடு அடுக்கு வைத்து, வெளிச்சம் திரும்பிப்போவதைக் குறைக்கிறார்கள். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத படலம் அது.

அவ்வளவு மெல்லியது எப்படி ரேடியோவை நிறுத்தும்? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வெட்டவெளி அலைக்குக் காட்டும் மின்மறிப்பு 377 ஓம். பூச்சின் மின்தடை அதைவிட எவ்வளவு குறைவோ அவ்வளவு தடுப்பு. ஒரு சதுரத்துக்கு 10 ஓம் இருக்கும் பூச்சு, வரும் சக்தியில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்கை உள்ளே விடும். 5 ஓம் என்றால் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. மொபைல் பயன்படுத்தும் அலைவரிசைகள் முழுவதிலும் இந்த எண் பெரிதாக மாறாது. ஃபாஸ்டேக்குக்கு இது இரண்டு முறை: நானூறில் ஒரு பங்காகப் போய், அதில் நானூறில் ஒரு பங்காகத் திரும்ப வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் வகுத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

வெயிலில் ஏறக்குறைய பாதிச் சக்தி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பூச்சு நம் ஊருக்கு வரம். ஆனால் ரேடியோவைத் தடுப்பது அதன் பிழையோ பக்கவிளைவோ அல்ல. வெயிலைத் தடுக்கும் அதே எலக்ட்ரான், அதே வேலை. ஒன்று வேண்டும் இன்னொன்று வேண்டாம் என்று பூச்சிடம் சொல்ல முடியாது.

நம் மொழியும் இதைக் கொஞ்சம் மறைக்கிறது. ‘ஆடி’ என்றாலே பிம்பம் காட்டுவது. அதற்கு முன்னால் ‘கண்’ணைச் சேர்த்தோம். ‘ஒளிபுகும்’ என்ற கலைச்சொல்லும் ஒளியை மட்டும்தான் பேசுகிறது. கண் பார்த்தால் போதும், எல்லாம் போகும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

*

மதுரைச் சமவெளியில் வெயிலை நிறுத்தப் பழைய வழி வேறு. கனத்த சுவர், சின்னச் சன்னல், திண்ணை, முற்றம். 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலுக்குள் மே மாதம் போய் நின்று பாருங்கள், உயரமும் நிழலும் காற்றோட்டமும் செய்யும் வேலை தெரியும். சுவர் முழுக்கக் கண்ணாடி வைப்பது குளிர்நாட்டு ஆசை. கண்ணாடிப் பூச்சும் அங்கே வளர்ந்தது வீட்டின் சூட்டை வெளியே விடாமல் காக்கத்தான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அங்கே எரிபொருள் மிச்சம் பிடிப்பது பெரும் கவலை ஆனது.

நமக்கு அது எதிர்த்திசையில் வந்தது. 2000-இல் சென்னையில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1665-இல் பிறந்த நிறுவனம். வெர்சாய் அரண்மனைக்கு ஆடிகள் செய்து பேர் வாங்கியது. ஐ.டி. கட்டடங்கள் கண்ணாடி உடுத்த ஆரம்பித்தன. உள்ளே குளிர்சாதனம், வெளியே நாற்பது டிகிரி. மின்கட்டணம் சும்மா விடுமா?

2007 மே மாதம் எரிசக்தித் திறன் பணியகம் வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பை வெளியிட்டது. நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில், சுவரில் நாற்பது சதவீதம் வரை சன்னல் வைக்கும் கட்டடத்தில், கண்ணாடி உள்ளே விடும் சூரிய வெப்பத்தின் அளவு 0.25-ஐத் தாண்டக்கூடாது என்றது அதன் அட்டவணை. விழும் வெப்பத்தில் கால்பங்கு. வெறும் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை விட்டுவிடும். உலோகப் பூச்சு இல்லாமல், வெளிச்சத்தையும் இழக்காமல், இந்த இலக்கை எட்டுவது கஷ்டம். கார்களிலும் ஒரு தள்ளு நடந்தது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. அதன்பின் வெயிலைத் தடுக்கும் வேலையைக் கண்ணாடியே செய்தாக வேண்டியிருந்தது.

இரண்டு முடிவுகளும் நியாயமானவை. முதலாவது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொன்னது, இரண்டாவது காருக்குள் நடக்கும் குற்றத்தை மறைக்காதே என்றது. இரண்டிலும் ரேடியோ பற்றிப் பேச்சே இல்லை.

*

மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, கட்டடப் பொருட்கள் எவ்வளவு அலையை விழுங்கும் என்பதற்குச் சில எளிய வாய்பாடுகள் வைத்திருக்கிறது. நம் 5ஜி ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸில் அதைப் போட்டுப் பார்த்தேன். சாதாரணக் கண்ணாடி 2.7 டெசிபல், அதாவது பாதிக்கு மேல் உள்ளே வரும். கான்கிரீட் 19 டெசிபல், எண்பதில் ஒரு பங்கு. அகச்சிவப்பைத் திருப்பும் பூச்சுக் கண்ணாடி 24 டெசிபல், இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. ஜன்னல் சுவரைவிடப் பெரிய சுவராகிவிட்டது.

பழைய ஓமம் வாட்டர் கதையாக, சிக்னல் இல்லையென்றால் ஜன்னல் பக்கம் போ என்பது நாம் எல்லோரும் சொல்லும் வைத்தியம். பூச்சுக் கண்ணாடிக் கட்டடத்தில் அந்த வைத்தியம் பலிக்காது. பழைய ஐ.டி. ஊழியர்களுக்கு இது தெரியும். மாடிப்படி, லிஃப்ட் வராந்தா, பார்க்கிங் வாசல் என்று அவரவருக்கு ஒரு மூலை உண்டு. பெரிய நிறுவனங்கள் கட்டடத்துக்குள்ளேயே ஆன்டெனாக்களைப் பரப்பிச் சரி செய்துகொள்கின்றன. வைஃபையில் பேச்சு ஓடுகிறது. ஆனால் அந்த வைஃபையின் கடவுச்சொல் அடையாள அட்டை வைத்திருப்பவருக்கு. இரவுக் காவலருக்கு, துப்புரவுப் பணியாளருக்கு, சாப்பாடு கொண்டுவருபவருக்கு வெறும் சிம் கார்டு சிக்னல்தான். 2008-இலிருந்து தமிழ்நாட்டில் ஓடும் 108 ஆம்புலன்ஸை அவர்கள் கூப்பிடுவதும் அதில்தான். சின்னக் கடையும் கிளினிக்கும் பூச்சுக் கண்ணாடி மாட்டிவிட்டு, ஆன்லைனில் ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கி வைத்தால், அனுமதியில்லாத அந்தக் கருவி சட்டப்படி குற்றம். அது பக்கத்துத் தெருவின் சிக்னலையும் குலைக்கும்.

தடுப்பே கூடாது என்பதல்ல என் பேச்சு. மதுரையில் எந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மையத்துக்குப் போனாலும் அந்த அறை ஒரு ஃபாரடே கூண்டு. சுவருக்குள் செம்பு, நோயாளியைப் பார்க்க வைத்திருக்கும் ஜன்னல் கண்ணாடிக்குள்ளும் கடத்தும் வலை. 1.5 டெஸ்லா கருவி உடலிலிருந்து கேட்பது 64 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு முனகல். வெளிச்சத்தம் நுழைந்தால் படம் கெட்டுவிடும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் தெரியும் புள்ளித் தகடும் இதே வேலைதான். அங்கெல்லாம் எது உள்ளே வரணும், எது கூடாது என்று முன்கூட்டியே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஐ.டி. பார்க் கண்ணாடியில் பாதி மட்டும் யோசித்தோம்.

மீதிப் பாதியை யோசித்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் பி.எல்.எஸ். ரயில் நிறுவனத்துக்கு இதே தலைவலி: பூச்சு வைத்த ஜன்னல், உள்ளே சிக்னல் இல்லாத பயணிகள். பெட்டிக்குப் பெட்டி ரிப்பீட்டர் வைப்பது செலவு, மின்சாரமும் இழுக்கும். லொசான் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் பூச்சை எடுக்கவில்லை. லேசரால் அதில் மிக மெல்லிய கோடுகளைக் கீறினார்கள். எலக்ட்ரான்கள் பெரிய வட்டமாக ஓட முடியாதபடி படலம் துண்டுதுண்டானது. ரேடியோ அலையின் நீளம் சென்டிமீட்டர் கணக்கு, துண்டுகள் அதைவிடச் சிறியவை. எனவே அலை தாண்டிவிடும். வெப்பக்கதிரின் நீளமோ மைக்ரான் கணக்கு, அதற்கு ஒவ்வொரு துண்டும் ஒரு பெரிய மைதானம். ஆகவே அது முன்போலவே திரும்பிப் போகும். கீறல்கள் எடுத்துக்கொண்டது பூச்சின் பரப்பில் ஒரு சிறு பகுதி மட்டுமே. போஸ் கால அட்டவணைப் புத்தகத்தில் காட்டியது இதே பாடம்தான். உலோகம் எவ்வளவு என்பதைவிட, இடைவெளி எப்படி என்பது முக்கியம்.

2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டடங்களுக்கு இணைப்பு வசதியை வைத்து நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறைகளை வெளியிட்டது. வெப்பத்துக்கு விதி வந்து பதினேழு வருடம் கழித்துச் சிக்னலுக்கு ஒரு விதி. இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு கோப்பு. கண்ணாடி மட்டும் ஒன்றே.

மதுரையைச் சுற்றி, கப்பலூர் தொழிற்பேட்டையில் இருந்து ரிங் ரோடு வரை, கண்ணாடி முகப்பு வைத்த ஷோரூம்களும் மருத்துவமனைகளும் கல்யாண மண்டபங்களும் எழுந்துகொண்டிருக்கின்றன. கண்ணாடி விற்பவர் தரும் அட்டையில் வழக்கமாக மூன்று எண்கள் இருக்கும்: எவ்வளவு வெளிச்சம் வரும், எவ்வளவு வெயில் வரும், எவ்வளவு சூடு கடத்தும். நான்காவதாக ஓர் எண்ணைக் கேளுங்கள், ஒரு சதுரத்துக்கு எத்தனை ஓம் என்று. தயாரிப்பாளரின் ஆய்வகத்தில் அதைத் தெரிந்துகொள்ள நேரமே ஆகாது. பத்துக்குக் கீழே சொன்னால், உள்ளே ஆன்டெனாவுக்கு என்ன ஏற்பாடு என்பதைப் பொறியாளரிடம் அன்றைக்கே பேசிவிடலாம். கண்ணாடி மாட்டிய பிறகு பேசினால், அதைக் கேட்கக்கூட மாடிப்படிக்கு வர வேண்டியிருக்கும்.